ஒரே சமயத்தில் பத்துப் பேர்

நூற்றியெண்பது காலணிப் பெட்டிகள்.
லூத்தரன் தேவாலயத்தின் நிலவறையில்
நவம்பர் முழுக்க நிரப்பினோம்:
கம்பளித் தொப்பி, காலுறை, பற்பசை,
ஒரு சீட்டுக்கட்டு, வெடித்த உதட்டுக்கு மெழுகு.
சவரக்கத்தி கூடாது. மது கலந்த சாக்லேட் கூடாது.
ஆர்டித் கான்ராட் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து
மறுபடி மூடினாள்,
சுங்க அதிகாரிக்குப் பிறந்தவள் மாதிரி.

என்னைச் சேர்த்துக்கொண்டது என் வேனுக்காக.
அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.
பாட்டு வராது எனக்கு.
ஜெபத்துக்குக் கண் மூடினால்
தூங்கிவிடுவேன்.

ஹாலிஃபாக்ஸ் துறைமுகம், டிசம்பர் இருபத்து மூன்று.
நாலரைக்கே இருட்டிவிட்டது.
கப்பலின் ஏணியில் உப்பும் பனியும் சேர்ந்து உறைந்திருக்க
ஒரு கையில் கயிறு,
மறு கையில்
கர்த்தருடைய நாமத்தில் பற்பசை.

கொடி லைபீரியா. கேப்டன் ஒடெசாக்காரர்.
மற்றவர்கள் இலோயிலோ, படூமி, சிட்டகாங்.
இருபத்தொரு பேர், நாலு மாதமாக
மண்ணை மிதிக்காத கால்கள்.
பெட்டிகளை மரியாதையாக வாங்கி
பிரிக்காமலே மேசையில் அடுக்கினார்கள்.
சமையல்காரர் தியோஸ்தாதோ
என் தோள்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"அது கொண்டு வந்தீர்களா?"

கொண்டு வந்திருந்தேன்.
சோப்புக்கட்டி அளவு, கறுப்பு, ஒரு பச்சை விளக்கு.
ஒரே சமயத்தில் பத்துப் பேருக்கு
இணையம் கொடுக்கும், அதற்கு மேல் முடியாது.
என் கைபேசியை அணைத்து வைத்தேன்,
அதுவும் ஓர் ஆள் கணக்கு.

இரும்புச் சுவருக்குள் அலை நுழையவில்லை.
மேசையில் வைத்தோம், ஒன்றுமில்லை.
குளிர்பதனப் பெட்டியின் தலையில், ஒன்றுமில்லை.
வட்டச் சன்னலின் மேல்விளிம்பில்
இரண்டு கையாலும் ஒட்டிப் பிடித்தபோது
யாரோ "ஆ" என்றான்.
இறக்கினேன், ஏழு முகங்கள் கூம்பின.
ஏற்றினேன்.

அப்புறம் இறக்கவில்லை.

முப்பத்தொரு வருஷம் தொலைபேசிக் கம்பெனியில்
கம்பம் ஏறிப் பிழைத்தவன்.
பிரிட்ஜ்வாட்டரிலிருந்து ஷெல்பர்ன் வரை
எதில் மரங்கொத்தித் துளை, எதில் குளவி,
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
சோதனைக் கருவியைக் கம்பியில் மாட்டினால்
ஊர் பேசுவது காதில் விழும்:
மீன் விலை, பிரசவ வலி, வராத மருமகன்.
ஒட்டுக் கேட்டதில்லை என்றால் பொய்.
ஆனால் கம்பமாகவே நின்றது
இன்றுதான்.

இலோயிலோவில் நாளையே பிறந்துவிட்டிருந்தது.
அதிகாலைப் பூசைக்கு நடந்துகொண்டே
தியோஸ்தாதோவின் மனைவி
கைபேசியைக் கோயில் பக்கம் திருப்பினாள்.
இருட்டில் காகித நட்சத்திரங்கள் ஆடின,
அவள் நடையின் தாளத்துக்கு.
ஒருவன் தூங்கும் குழந்தையை
எழுப்ப வேண்டாமென்று சைகை காட்டிவிட்டு
தன் நேரம் முழுக்கச் சும்மா பார்த்தான்.
படூமிக்காரர் கியா சண்டை போட்டார்.
மொழி தெரியாவிட்டால் என்ன,
தண்ணீர்க் குழாய் ஒழுகுவது பற்றிய சண்டை
எந்த ஊரிலும் அதே ராகம்.
காத்திருந்தவர்கள் சுவரோரம் நின்றார்கள்.
யார் அடுத்து என்று
யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

ஆறரைக்குத் தோள்பட்டை மரத்தது. ஆர்டித்
ஸ்டூல் கொண்டு வந்து போட்டாள்,
ஏறி நின்றால் முழங்கையைச் சாய்க்கலாம் என்று.
சொன்னபடியே
சாய்க்க முடிந்தது.

கடைசி ஆள் தொஃபாஸல், மீசை இப்போதுதான் அரும்புகிறது.
அங்கே தொழுகைக்கு எழுந்திருந்த அவன் அம்மா
ஏதோ கேட்டாள்.
அவன் சிரித்து, திரையை என் பக்கம் திருப்பினான்.
முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவள்
நெற்றிக்குக் கை உயர்த்தினாள்.

பதிலுக்கு உயர்த்த
என்னிடம் கை இல்லை.
தலையை ஆட்டினேன். போதவில்லை போல இருந்தது.
இன்னும் பலமாக ஆட்டினேன்,
ஸ்டூல் ஆடியது,
திரை நாலு துண்டாக உடைந்து
மறுபடி சேர்ந்தபோது
அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது கியர் மாற்றக் கை வரவில்லை.
ஆர்டித் பக்கவாட்டிலிருந்து மாற்றிக் கொடுத்தாள்.
பாலம் தாண்டியதும் கேட்டாள்,
"பெட்டிகள் பிடித்திருந்ததா அவர்களுக்கு?"

"தொப்பி ரொம்பப் பிடித்திருந்தது" என்றேன்.